பனி ஏன் சாம்பலாகப் பதிகிறது?

மேகமூட்டத்தில் எடுத்த பனிமலைப் படங்கள் சாம்பல் பூத்து, நீலம் பாய்ந்து வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். கேமராவில் பழுதில்லை. அதன் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாகவே கணக்கிடும். சட்டகம் முழுக்க வெண்பனி என்றால் ஒளியைக் குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, 1 முதல் 1.7 ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்காகும்). படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலப்பக்கம் நகர வேண்டும், ஓரத்தில் முட்டக் கூடாது. கேமராத் திரையை நம்பாதீர்கள், பனி வெளிச்சத்தில் அது ஏமாற்றும்.

நீலத்தைக் குறைக்க, வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பான வெண்சமநிலையை 6500–7000 கெல்வினுக்கு மாற்றிப் பாருங்கள். கேமரா பதப்படுத்தாத மூலப்பதிவான ரா கோப்பாக எடுத்தால் பிறகும் திருத்தலாம். முழுவதும் நீக்கிவிடாதீர்கள், சிறிது நீலம் இருந்தால்தான் குளிர் தெரியும்.

வெளிறிய வானத்தை, என்னைக் கேட்டால், சட்டகத்திலேயே சேர்க்க மாட்டேன். தொலைவை நெருக்கிக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸில் கரும்பாறை, ஊசியிலை மரங்கள், அடுக்கடுக்காக மங்கும் முகடுகள் போதும். பனி பொழிந்தால் 1/250 நொடி ஷட்டர் வேகத்தில் துகள்கள் புள்ளிகளாக நிற்கும். 1/30 நொடியில் கோடுகளாக இழுபடும்.