ஸ்லம்ப் சரி, ஓரம் ஏன் சரிகிறது?
கேள்வி - பதில்: கான்கிரீட் சாலை

ஸ்லம்ப் 25 மி.மீ. சரியாக வருகிறது. ஆனால் ஸ்லிப்ஃபார்ம் பேவர் நகர்ந்ததும் ஓரம் சரிகிறது. தண்ணீரைக் குறைத்தால் ஹனிகோம்ப் (ஜல்லிக்கு நடுவே குழிகள்) விழுகிறது. என்ன செய்வது?
*தள மேற்பார்வையாளர், நாமக்கல்*

ஸ்லம்ப் கூம்பு சொல்வது, கலவை தன் எடையால் எவ்வளவு அமர்கிறது என்பதை மட்டும்தான். ஸ்லிப்ஃபார்ம் பேவர், கான்கிரீட்டைச் சாலையாக வார்த்தபடியே நகரும் இயந்திரம்; அதற்கு வேண்டியது வேறு. வைப்ரேட்டர் ஓடும்போது கலவை இளகி ஜல்லி இடுக்குகளை நிரப்ப வேண்டும். இயந்திரம் நகர்ந்த அடுத்த நொடி பக்கப் பலகை இல்லாமலே நிற்க வேண்டும். ஒரே ஸ்லம்ப் உள்ள இரண்டு கலவைகளில் ஒன்று நிற்கும், இன்னொன்று படுத்துவிடும்.

இதற்கென்றே அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானது பெட்டிச் சோதனை. ஓர் அடிக்கு ஓர் அடி பெட்டியில் கான்கிரீட்டை 24 செ.மீ. உயரத்துக்கு அள்ளிப் போடுங்கள்; குத்தவோ தட்டவோ வேண்டாம். வைப்ரேட்டரை நடுவில் 3 விநாடியில் அடிவரை இறக்கி, 3 விநாடியில் மேலே எடுங்கள். உடனே பக்கங்களைக் கழற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் குழிகள் 30 சதவீதத்தைத் தாண்டினாலோ, ஓரம் 6 மி.மீ.க்கு மேல் சரிந்தாலோ கலவை தேறவில்லை.

தேறாவிட்டால் தண்ணீர்க் குழாயைத் தொடாதீர்கள். 20 மி.மீ. ஜல்லியும் மணலும் மட்டும் இருந்து நடுத்தர அளவு இல்லாத கலவைதான் பெரும்பாலும் இப்படிப் படுத்தும். முதலில் 10 மி.மீ. ஜல்லியின் பங்கைக் கூட்டிப் பாருங்கள். வைப்ரேட்டர் வேகத்தை ஏற்றிச் சமாளிப்பது இன்னும் மோசம்: அது போன பாதையில் ஜல்லி ஒதுங்கி, வெறும் சாந்து கோடாக நிற்கும். பின்னால் அதே கோட்டில் விரிசலும் விடலாம்.

இந்த ஆராய்ச்சிகளுக்கு சிமென்ட் சங்கங்களும் பணம் தருகின்றனவாமே? அவர்கள் சிமென்ட்டைக் குறைக்கவா சொல்வார்கள்?
*சிவில் மாணவர், சேலம்*

சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அமெரிக்காவில் பணம் ஒரே பையிலிருந்து வருவதில்லை. மாநில நெடுஞ்சாலைத் துறைகளும் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகமும் ஒரு பொது நிதியில் போடுகின்றன; தொழில் சங்கங்களும் சேர்கின்றன. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய கான்கிரீட் சாலைத் தொழில்நுட்ப மையம் ஒருங்கிணைக்கிறது. டெண்டர் விதியை எழுதுவது மாநிலத் துறை, அதாவது வாங்குபவர். அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் 2017-ல் வெளியிட்ட பிபி 84 என்ற கான்கிரீட் சாலைக் கலவை வழிகாட்டியைப் பாருங்கள்: கான்கிரீட் காய்ந்து சுருங்கும்போது விடும் விரிசலைத் தடுக்க அது தந்த வழிகளில் ஒன்று, கலவையில் சிமென்ட் சாந்தின் கனஅளவை 25 சதவீதத்துக்குள் நிறுத்துவது. சிமென்ட்டைக் கொட்டினால் வலிமை தானாக வரும் என்று நினைப்பவர்களுக்குப் பிடிக்காத எண் இது.

ஆய்வகத்தில் தேறியது சாலையிலும் தேறுமா என்று பார்க்க மினசோட்டாவில் எம்என்ரோடு என்ற சோதனைச் சாலை இருக்கிறது. 1994 முதல் ஐ-94 நெடுஞ்சாலையின் நிஜ லாரிகளையே சோதனைப் பகுதிகள் மேல் ஓட விடுகிறார்கள். ஸ்லிப்ஃபார்ம் பேவரே 1940-களின் கடைசியில் அயோவா நெடுஞ்சாலைத் துறை ஆய்வகத்தில் பிறந்ததுதான்.

அமெரிக்காவில் ஜாயின்ட் (கான்கிரீட் சாலையின் குறுக்கே வெட்டிவிடும் இணைப்பு) அரிக்கிறதாமே, நமக்கும் வருமா?
*வாசகர், கோவை*

அங்கே பனியைக் கரைக்கத் தூவும் கால்சியம் குளோரைடு, சிமென்ட்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து உப்பி, ஜாயின்டை உடைக்கிறது. நாம் தூவுவதில்லை, அந்தக் கவலை வேண்டாம். அவர்கள் மருந்தாகச் சேர்க்கும் ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) மட்டும் நமக்கும் நல்லது.

ஜாயின்ட் வெட்ட எத்தனை மணி நேரம் காத்திருக்கலாம்?
*ஒப்பந்ததாரர், திருநெல்வேலி*

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், வெட்டைப் பாருங்கள். பிளேடு ஜல்லியைப் பெயர்த்து ஓரம் பொரிந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள். பிளேடுக்கு முன்னால் விரிசல் ஓடினால் தாமதம். ஆழம், தடிமனில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று. காய்ந்த காற்று வீசும் நாளில், அவசரத்துக்கும் தாமதத்துக்கும் நடுவே கிடைக்கும் நேரம் சுருங்கிவிடும். கட்டர் இரண்டு இருக்கட்டும். இருப்பது ஒன்று என்றால் அது இரவு இரண்டு மணிக்குத்தான் மக்கர் பண்ணும்.