இப்போது என்ன கேட்கிறீர்கள்?

வணக்கம் சார்,

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். இசை கேட்பவர்கள் மட்டும். இப்போது எந்த ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், ஏன் பிடித்திருக்கிறது என்று வாரக் கடைசியில் அவரவர் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. பெயரை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள், 'ஏன்' என்ற இடத்தில்தான் நின்றுவிடுகிறது. "செம", "வேற லெவல்", "புல்லரித்துவிட்டது", அவ்வளவுதான். கொஞ்சம் மெனக்கெடுபவர்கள் அந்த ஆல்பம் உருவான கதையை எழுதுகிறார்கள். போன வாரம் நானும் ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரட் முன்தயாரிப்பில்லாமல் மேடையிலேயே கற்பனையாக வாசித்த 'கோல்ன் கான்சர்ட்' பற்றி அந்தப் பழுதான பியானோவின் கதையைச் சொல்லி எழுதினேன். நிறைய இதயங்கள் விழுந்தன, ஆனால் ஒருவர்கூட ஆல்பத்தைப் போட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிடித்ததற்குக் காரணம் சொல்லத்தான் வேண்டுமா? ஆல்பத்தை வரிசையாகத்தான் கேட்க வேண்டுமா, கலைத்துப் போட்டுக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? இன்னொன்று, எல்லோரும் கொண்டாடும், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் எனக்கு ஒட்டவே இல்லை, பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் வாசித்ததைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அப்புறம், நீங்கள் இப்போது என்ன கேட்கிறீர்கள்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

ஒன்று பிடிக்கிறது என்பதற்கு யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. ஆனால் இன்னொருவரையும் கேட்க வைக்க வேண்டும் என்றால் அவர் காதை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். "புல்லரித்தது" என்றால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரிகிறது. எந்த இடத்தில் புல்லரித்தது என்று சொன்னால்தான் ஆல்பத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் ஒரு குழுவில் இருந்தால் இந்த ஒன்றைத்தான் கேட்பேன்: எந்தப் பகுதி, ஏறக்குறைய எத்தனையாவது நிமிடம், அங்கே என்ன நடக்கிறது.

நீங்கள் எழுதிய கோல்ன் கதையையே எடுத்துக்கொள்வோம். 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கொலோன் (ஜெர்மனில் 'கோல்ன்') நகர ஆப்பெரா அரங்கம். ஜாரட் கேட்டிருந்த பியானோவுக்குப் பதிலாக மேடையில் ஒரு சின்னப் பியானோ நிற்கிறது. மேல் ஸ்தாயி தகரம் மாதிரி ஒலிக்கிறது, கீழ் ஸ்தாயியில் பலமில்லை, பெடல் சரியில்லை. வாசிக்க மறுத்தவரை, நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த வேரா பிராண்டெஸ் என்ற பதின்வயதுப் பெண் சம்மதிக்க வைக்கிறார். நல்ல கதைதான். ஆனால் இதைப் படிப்பவருக்குக் கதையிலேயே திருப்தி வந்துவிடுகிறது, இசைக்கு வேலையே இல்லாமல் போகிறது. உங்கள் நண்பர்கள் இதயம் போட்டுவிட்டு நகர்ந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அதே கதையைக் காதுக்குள் கொண்டுவர முடியும். மேல் பக்கம் கரகரக்கிறது என்பதால் வலதுகை பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே உலவுகிறது. கீழே பலமில்லை என்பதால் இடதுகை ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்ப அழுத்தி வாசிக்கிறது. நல்ல பியானோ இல்லாததால்தான் அவர் அப்படி வாசித்திருக்கக்கூடும் என்று ஆல்பத்தைத் தயாரித்த மான்ஃப்ரெட் ஐகரே சொல்லியிருக்கிறார். முதல் பாகத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு நிமிட நேரம் இரண்டே இரண்டு கார்டுகளுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களுக்கு) நடுவில் போய் வந்துகொண்டிருக்கிறார், அதில் சலிப்பே வருவதில்லை. அந்தப் பாகத்தின் கடைசி ஆறு நிமிடத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். இடதுகை நின்ற இடத்திலேயே நிற்கிறது, வலதுகை ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறது, நடுவே அவர் வாய்விட்டு முனகுவது பதிவாகியிருக்கிறது. எனக்கு அந்த ஆல்பம் பிடிப்பதற்குக் காரணம் அந்த ஆறு நிமிடம். அடுத்த வாரம் குழுவில் அதை எழுதுங்கள், ஒருவராவது போட்டுக் கேட்பார்.

வரிசை பற்றி. எல்லா ஆல்பத்துக்கும் வரிசை முக்கியம் என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்ட ஆல்பமாக இருந்தால் கலைத்துப் போட்டுக் கேட்பதில் ஒன்றும் கெட்டுவிடாது. அதே கோல்னில் இரண்டாம் பாகம் 'ஏ', 'பி' என்று பிரிந்திருக்கிறதே, அந்தப் பிரிவு இசைக்காக வந்ததில்லை, எல்பி தட்டின் ஒரு பக்கத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் வாசித்தது அடங்காது என்பதற்காக வந்தது. ஆனால் வரிசையே இசையாக இருக்கும் ஆல்பங்கள் உண்டு, நான் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது அப்படி ஒன்று.

1967இல் வந்த 'கால் ஆஃப் தி வேலி'. சிவகுமார் சர்மாவின் சந்தூர், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிதார், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். காஷ்மீரில் ஒரு ஆட்டிடையனின் ஒரு நாள் என்பதுதான் கரு. காலைக்குரிய ஆஹிர் பைரவ், நட் பைரவில் ஆரம்பித்து பீலு, பூப், தேஸ் என்று பொழுதோடு நகர்ந்து பஹாடியில் முடிகிறது. கலைத்துப் போட்டால் ராகங்கள் இருக்கும், பொழுது இருக்காது. காலையின் இறுக்கமான ஸ்வரங்களிலிருந்து வந்த காதுக்குத்தான் பூப்பின் ஐந்து ஸ்வரங்கள் அத்தனை விசாலமாகப் படும். பூப்பை மட்டும் தனியாகப் போட்டால் அது இன்னொரு நல்ல வாசிப்பு, அவ்வளவுதான்.

ஆனால் இப்போது என்னைப் பிடித்து வைத்திருப்பது வரிசையும் இல்லை, மூன்று வாத்தியங்களின் பொருத்தம். சந்தூரில் தந்தியைக் குச்சியால் தட்ட வேண்டும், தட்டியதும் ஒலி தேய ஆரம்பித்துவிடும், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக அதில் வழி கிடையாது. இந்துஸ்தானி இசையோ அந்த வழுக்கலில்தான் பாதி உயிரை வைத்திருக்கிறது. அந்தக் குறையை மறைக்காமல் பக்கத்தில் கிதாரையும் குழலையும் வைத்திருக்கிறார்கள். காப்ரா கிதாரின் தந்திமேல் உலோகத் துண்டைச் சறுக்கி வாசித்தவர், குழலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சந்தூர் புள்ளிகளை வைத்துக்கொண்டே போக, மற்ற இரண்டும் அவற்றை இழுத்துக் கோடாக்குகின்றன. யாரும் யாரையும் முந்தப் பார்ப்பதில்லை. இவ்வளவு திறமை உள்ள மூன்று இளைஞர்கள் ஒருவருக்கொருவர் இவ்வளவு இடம் விட்டு வாசித்திருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்.

இன்னொன்று இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்துக் காணிக்கையாக்கிய ஆல்பம். 'ஃப்யூஷன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், எனக்கு அது போதவில்லை. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற பகுதி, தனி வயலினுக்கு பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற பல பகுதிகள் கொண்ட படைப்பின் முதல் பகுதியை எடுத்துக்கொள்கிறது. பாக் அதைத் துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒற்றை வயலினுக்கு எழுதினார், அடியில் ஓடும் இசைவுகளை (ஹார்மனியை) கேட்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். இளையராஜா தன் ஊகத்தை மற்ற தந்தி வாத்தியங்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். மூலத்தை ஒருமுறை தனியாகக் கேட்டுவிட்டு உடனே இதைக் கேளுங்கள், வி.எஸ். நரசிம்மனின் வயலின் மேலே ஓடும்போது கீழே என்ன சேர்ந்திருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

சரி, உங்களுக்கு ஒட்டாத கோல்ட்பெர்க். நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள் என்று எழுதவில்லை. முதலில் வரும் ஆரியா என்ற சிறு பகுதியின் மெட்டு அதன்பின் வரும் முப்பது வேரியேஷன்களிலும் (மாற்றி எழுதிய வடிவங்களிலும்) அடுத்தடுத்து வேறு வேறு வேஷத்தில் வரும் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனென்றால் அந்த மெட்டு கடைசியில் ஆரியா திரும்ப வரும்வரை வருவதே இல்லை. முப்பது வேரியேஷன்களிலும் திரும்பத் திரும்ப வருவது அடியில் இடதுகையில் போகிற கோடு, அதன் மேல் நிற்கும் இசைவுகள். அதனால் ஆரியாவை மட்டும், இடதுகையைக் கவனித்து, அது மனதில் பதியும்வரை கேளுங்கள். பிறகு மூன்றின் மடங்காக வருகிறவற்றைக் கேளுங்கள். மூன்றாவதிலிருந்து இருபத்தேழாவது வரை அவை எல்லாமே கானன். ஒரு குரல் சொன்னதை இன்னொரு குரல் கொஞ்சம் தள்ளிப் பின்தொடரும், ஒவ்வொரு கானனிலும் இரண்டுக்கும் இடைவெளி ஒரு ஸ்வரம் கூடிக்கொண்டே போகும்.

கூல்டின் பதிவுகளில் எது என்பதும் முக்கியம். 1955இல் 22 வயதில் வாசித்தது 38 நிமிடம், 1981இல் வாசித்தது 51 நிமிடம். இளமையின் வேகம், முதுமையின் நிதானம் என்று இதற்கும் ஒரு கதை சொல்வார்கள், 1982இல் ஐம்பது வயதில் அவர் இறந்துபோனதால் அது இன்னும் உருக்கமாகிவிட்டது. நிதானம் உண்மைதான், ஆரியாவே ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டுவிட்டது. ஆனால் ஒவ்வொரு பாதியையும் திரும்ப ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று எழுதியிருப்பதை 1955இல் விட்டுவிட்டவர், 1981இல் சில இடங்களில் அப்படித் திரும்ப வாசித்தார், நீளத்தில் ஒரு பங்கு அதனால் வந்தது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். ஒரு வேரியேஷன் முடிந்து அடுத்தது தொடங்கும்போது அடியில் ஓடும் தாளத் துடிப்பு அறுந்துபோகாமல் கணக்காகக் கைமாறுகிறது, முதல் பதிவில் அவை தனித்தனித் துண்டுகளாகவே என் காதில் விழுகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கேட்க வேறு எத்தனையோ இருக்கிறது. ஆனால் எந்த வேரியேஷனில் நிறுத்தினீர்கள், அங்கே என்ன அலுத்தது என்று எழுதுங்கள். நானும் அந்த இடத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு பதில் எழுதுகிறேன்.