குழந்தை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வரவில்லையா?

மகப்பேறு, மனநல மருத்துவர்கள் பதில் தருகிறார்கள் (ஜூலை 2021)

கேள்வி: என் மகளுக்குக் குழந்தை பிறந்து 24 நாள். பிரசவத்தின்போது கொரோனா பாசிட்டிவ். துணைக்கு யாரையும் விடவில்லை. குழந்தையை மூன்று நாள் கழித்துத்தான் கையில் கொடுத்தார்கள். இப்போது நெகட்டிவ். ஆனாலும் எதற்கெடுத்தாலும் அழுகிறாள். குழந்தை அசந்து தூங்கும்போதும் இவள் கண்மூடுவதில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தபடியே இருக்கிறாள். 'பச்சை உடம்பு, போகப்போகச் சரியாகும்' என்கிறார் சம்பந்தியம்மா. பொறுத்துப் பார்க்கலாமா? – தேனி வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. பிரசவமான மூன்றாம், நான்காம் நாள் வரும் அழுகை பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். உங்கள் மகளுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. அழுகையைவிடத் தூக்கம்தான் எங்களை உறுத்துகிறது. குழந்தை தூங்க, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்க, அப்போதும் தூக்கம் வராவிட்டால் மனச்சோர்வா, பதற்றமா என்று பார்த்தாக வேண்டும்.

இதற்கென எடின்பரோ வினாத்தாள் இருக்கிறது: கடந்த 7 நாள் பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் சிகிச்சை பேச வேண்டும். பத்தாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு 'ஆம்' என்ற சாயல் இருந்தாலே அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் சோதியுங்கள். அவை சரியில்லாவிட்டாலும் இதே சோர்வு வரும்.

இன்று இரவே ஒன்று செய்யுங்கள். 9 மணிக்குப் பால் கொடுத்ததும் மகள் வேறு அறையில் படுக்கட்டும். 2 மணி வரை குழந்தை உங்கள் பொறுப்பு. இடையில் கொடுக்கும் பாலை, கொதிநீரில் போட்டெடுத்த மூடி போட்ட ஸ்டீல் டம்ளரில் முன்பே பீய்ச்சி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வேளைக்கு 60 முதல் 90 மில்லி. அடுப்பில் வைக்காமல் வெதுவெதுப்பான நீரில் டம்ளரை நிறுத்திக் குளிர்ச்சியைப் போக்குங்கள். குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து, பாலாடையால் (மூக்குள்ள சிறு கிண்ணம்) கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். மொத்தமாக ஊற்றினால் புரையேறும். மார்பு கனத்து வலித்தால் மட்டும் மகள் எழுந்து பாலைப் பீய்ச்சட்டும், இல்லாவிட்டால் பால் கட்டிக்கொள்ளும்.

மருந்து தேவைப்பட்டால் பயப்படாதீர்கள். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பால் நிறுத்த வேண்டாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தெளிந்ததும் மருந்தைத் தாங்களே நிறுத்துவதால்தான் பலருக்கு மறுபடி வருகிறது.

யாரோ பேசுவதாகக் கேட்கிறது, வீட்டாரையே சந்தேகிக்கிறார், தூங்காமலே துடிப்பாக இருக்கிறார் என்றால் அது அவசர நிலை. தனியே விடாமல் 108ஐ அழையுங்கள்.

கேள்வி: ஏழாம் மாதம். கொரோனா தொற்றுக்குப் பயந்து செக்கப்பைத் தள்ளிப்போடுகிறேன். தடுப்பூசியும் பயம். – கரூர் வாசகி

பதில்: தள்ளிப்போட வேண்டாம். ரத்த அழுத்தம் ஏறுவது பல நேரம் உங்களுக்கே தெரியாது. முதல் ஆளாகப் பார்க்க நேரம் கேட்டு வாங்கி, மாஸ்க்குடன் போய் வாருங்கள். கர்ப்பிணிகளுக்கு மத்திய அரசு 2021 ஜூலை 2 அன்று கொரோனா தடுப்பூசிக்கு அனுமதி தந்தது. எந்த மாதத்திலும் போடலாம் என்றது. தினமும் சாப்பிட்டபின் இடப்பக்கம் சாய்ந்து படுத்து வயிற்றில் குழந்தையின் அசைவை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 வராவிட்டால், மறுநாள் வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனம் படபடத்தால் 104ல் ஆலோசகர் எந்நேரமும் பேசுவார்.