ஆனைமுடி ஏன் மொட்டையாக இருக்கிறது?

அன்புள்ள சார்,

போன மாதம் குடும்பத்தோடு மூணாறு போயிருந்தோம். ராஜமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்தால் ஆனைமுடி. தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் இப்படி மொட்டையாக நிற்கும் என்று நினைக்கவில்லை. இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் மரம். தேயிலைக்காரர்கள் வெட்டியது போக மிஞ்சியதா? மரம் நட்டு மீட்க முடியாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

யாரும் வெட்டவில்லை. 2,695 மீட்டர் மலையில் நீங்கள் பார்த்தது அதன் சொந்தப் புல். அந்த இடுக்கு மரங்கள்தான் சோலைக்காடு.

மார்கழி, தை இரவுகளில் அங்கே உறைபனி விழும். சோலைக்குள் இலைக்கூரைக்குக் கீழே கன்றுகள் தப்பிவிடும். வெட்டவெளிச் சரிவில் முளைத்த கன்று கருகிப்போகும். புல்லோ மேலே காய்ந்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். இதே போலப் புல்லும் சோலையுமாக இருக்கும் நீலகிரியின் சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். தேயிலை நேற்று வந்தது.

மரம் நடலாமா? நட்டுப் பார்த்தாயிற்று. ‘சும்மா கிடக்கிற புல்தானே’ என்று நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம்மவர்களும் விடவில்லை. (பள்ளி நாட்களில் நானும் மரக்கன்றோடு போட்டோவுக்கு நின்றவன்தான்.) ஆஸ்திரேலியச் சீகைக்கு அந்தப் பனி ஒரு பொருட்டே இல்லை. வெட்டினாலும், வருடக்கணக்காக மண்ணில் உறங்கிய விதை முளைத்துவிடுகிறது.

ஆனைமுடி நிற்கும் இரவிகுளம் தப்பியது ஒரு வேடிக்கை. தேயிலைத் துரைமார்கள் அதைத் தங்கள் வேட்டைக்காடாக வைத்துக்கொண்டார்கள். சுடுவதற்கு வரையாடு என்கிற மலை ஆடு வேண்டும், வரையாட்டுக்குப் புல் வேண்டும். அதனால் புல் பிழைத்தது! 1978ல் தேசியப் பூங்கா ஆனது. சங்கப் பாடல்கள் வருடை என்று சொல்லும் அந்த ஆடு இன்று உலகத்திலேயே அதிகம் இருப்பது இங்கேதான்.

அடுத்த முறை பிப்ரவரி, மார்ச்சில் போகாதீர்கள். வரையாடு குட்டி போடும் காலம், பூங்காவை மூடிவிடுவார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி பார்க்க ஆசையிருந்தால் 2030 வரை பொறுக்க வேண்டும். 2018ல் நான் போகத் தயாராக இருந்தபோது வெள்ளம் வந்து மலைப்பாதையெல்லாம் சரிந்துவிட்டது. அதற்கு முன் 2006ல் பூத்ததும் நீங்கள் மொட்டை என்று சொன்ன அதே சரிவுகளில்தான்.