எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) பைக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, சிக்னலில் ஆஃப் ஆகிறது, எஞ்சின் விளக்கும் அவ்வப்போது எரிகிறது. மெக்கானிக் இன்ஜெக்டரை (எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளில் இன்ஜெக்டரைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் பேட்டரி. கார்புரேட்டரில் பெட்ரோல் தானாக இறங்கும். எஃப்ஐ வண்டியில் கரண்ட் குறைந்தால் பம்ப், இன்ஜெக்டர், இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எல்லாமே தடுமாறும். இரவெல்லாம் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே போனால் பேட்டரியையும் அதன் முனைகளையும் எர்த் வயரையும் கவனியுங்கள். எஞ்சின் ஓடும்போது லேசாக ரேஸ் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றி சார்ஜிங் பார்க்கும் பழைய வழக்கத்தை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். வோல்டேஜ் எகிறி இசியுவே போய்விடும்.

பேட்டரி நன்றாக இருந்தால் பெட்ரோல் பிரஷர். சாவியைப் போட்டதும் டேங்குக்குள் இரண்டு மூன்று வினாடி பம்ப் இரையும். அது நின்றதும் சாவியை அணைத்து, சில வினாடி விட்டு மறுபடி போடுங்கள். இப்படி மூன்று முறை செய்தபின் உடனே ஸ்டார்ட் ஆகிறதென்றால், இரவில் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். பம்பில் உள்ள ஒருவழி வால்வோ, பிரஷர் ரெகுலேட்டரோ, சொட்டும் இன்ஜெக்டரோ காரணமாகலாம். இரைச்சல் கேட்பதாலேயே பிரஷர் இருப்பதாக அர்த்தமில்லை. கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பல பைக்குகளில் 3 பார் அளவில் இருக்கும், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் சரியான எண் உண்டு. ஹோஸைக் கழற்றும் முன் பம்ப் கனெக்டரைப் பிடுங்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும்.

எப்போதும் ரிசர்வில் ஓட்டுபவர் என்றால் பம்ப் வடிகட்டியையும் பாருங்கள். பம்பைச் சுற்றி நிற்கும் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்கில் தண்ணீரும் துருவும் சேரும்.

சிக்னலில் ஆஃப் ஆவதற்குப் பெரும்பாலும் த்ராட்டில் பாடியில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) படிந்த கார்பன்தான் காரணம். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் நனைத்து, பட்டர்ஃபிளை (காற்றைத் திறந்து மூடும் தட்டு) விளிம்பையும் ஐடில் வால்வு (ரேஸ் கொடுக்காதபோது காற்றை விடும் வால்வு) வழியையும் துடையுங்கள். பெயின்ட் பூசிய ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடவே தொடாதீர்கள், த்ராட்டில் சென்சாரின் கணக்கே மாறிவிடும். இன்டேக் ரப்பரில் வெடிப்பு இருந்தாலும் ஐடிலிங் அலையும்.

எஞ்சின் விளக்கு எரிந்தால் அது காட்டும் கோளாறு எண்ணை (எரர் கோட்) படிக்காமல் எதையும் மாற்றக் கூடாது. பல பழைய ஹோண்டாக்களில் நீண்ட மினுக்கு 10, குட்டை மினுக்கு 1: ஏழு என்றால் எஞ்சின் வெப்ப சென்சார், எட்டு த்ராட்டில் சென்சார், பன்னிரண்டு இன்ஜெக்டர். புது வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும். கோட் சென்சாரைக் காட்டினாலும் முதலில் கனெக்டரைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெப்ப சென்சார் எஞ்சின் சூடாக இருப்பதாகப் பொய் சொன்னால், இசியு பெட்ரோலைக் குறைத்துவிடும். காலை ஸ்டார்ட்டிங் கெட இது ஒன்றே போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் கோளாறு இருந்தால் மல்டிமீட்டரில் இன்ஜெக்டர் முனைகளின் ஓம் (மின்தடை) பாருங்கள், பெரும்பாலும் 10 முதல் 15-க்குள் இருக்கும். அது சரியென்றால் அல்ட்ராசோனிக் கிளீனிங் செய்து, ஸ்ப்ரே எப்படி விழுகிறது என்று பார்த்தபின் மாற்றுவதை முடிவு செய்யலாம். திரும்பப் பூட்டும்போது ஓ ரிங்குகளை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) புதிதாகப் போடுங்கள். பழையதில் கசியும் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல்தான் விழும்.