பெரிய தலைக்குச் சொந்தக்காரர் யார்?

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, 'பார்பியும் பிராட்ஸும் பத்து வருஷம் கோர்ட்டில் குடுமிப்பிடிச் சண்டை போட்டன' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை முழுக்கப் பொம்மைதான். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

கேள்வி: பொம்மைக்கெல்லாமா வழக்கு? அது என்ன கதை, முழுசாகச் சொல்லுங்களேன்.

பதில்: நீளமான கதை, பரவாயில்லையா? பார்பியை 1959 முதல் செய்து விற்பது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்து மேட்டல் கம்பெனி. நாற்பது வருஷம் அதற்குப் பக்கத்தில் நிற்கக்கூட ஆள் இல்லை. 2001-ல் அதே கலிஃபோர்னியாவிலிருந்து எம்ஜிஏ என்டர்டெயின்மென்ட் என்ற, மேட்டலோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னக் கம்பெனி, க்ளோயி, ஜேட், சாஷா, யாஸ்மின் என்று நான்கு பொம்மைகளை பிராட்ஸ் என்ற பெயரில் இறக்கியது. அதன் தலைவர் ஐசக் லாரியன். தலை பெரிது, கண் அதைவிடப் பெரிது, உதடு தடிமன், மூக்கை மட்டும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பார்பி வேலைக்குப் போகிற அக்கா என்றால் இவர்கள் சொன்ன பேச்சு கேட்காத பதின்வயதுத் தங்கைகள். பெயரிலேயே அது இருக்கிறது, அடங்காத பிள்ளையை ஆங்கிலத்தில் பிராட் என்பார்கள். சிறுமிகளுக்குப் பிடித்துப்போனது, விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

இதை வரைந்தவர் கார்ட்டர் பிரயன்ட் என்ற வடிவமைப்பாளர். சிக்கல் என்னவென்றால், அவர் மேட்டல் ஊழியர், அதுவும் சேகரிப்பாளர்களுக்கான விலை கூடிய பார்பிகளுக்கு உடையும் தலைமுடி அலங்காரமும் வடிவமைக்கிறவர். அந்த வேலையில் இருக்கும்போதே, 2000 ஆகஸ்டில், தன் ஓவியங்களை எடுத்துக்கொண்டு போய் எம்ஜிஏவிடம் காட்டினார். கூடவே ஒரு ஒட்டுப்போட்ட மாதிரியும் இருந்தது: தலை மேட்டலின் தொட்டியில் கிடந்தது, உடம்பு பார்பியுடையது, பூட்ஸ் பார்பியின் தோழன் கென் பொம்மையுடையது. எம்ஜிஏ மடக்கென்று பிடித்துக்கொண்டது. செப்டம்பர் 18 என்று தேதி போட்ட ஒப்பந்தத்தில் அக்டோபர் 4 அன்று கையெழுத்துப் போட்டார், அதே நாளில் மேட்டலுக்கு இரண்டு வார நோட்டீசும் கொடுத்தார். அந்த இரண்டு வாரமும் சம்பளம் மேட்டலுடையது. பிராட்ஸுக்குப் பின்னால் இவர் இருக்கிறார் என்பதை எம்ஜிஏ வெளியே சொல்லவில்லை, மேட்டல் மோப்பம் பிடித்து 2004-ல் பிரயன்ட் மேல் வழக்குப் போட்டது. மறு வருஷம் எம்ஜிஏ தன் பங்குக்கு, மேட்டலின் 'மை சீன்' பொம்மைகள் பிராட்ஸைப் பார்த்துச் செய்தவை என்று எதிர்வழக்குப் போட்டது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பிரயன்ட் விசாரணைக்கு முன்பே மேட்டலோடு சமரசமாகி விலகிக்கொண்டார். 2008-ல் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு, மேட்டல் பக்கம் சாய்ந்தது: வரைந்ததில் பெரும்பகுதி மேட்டல் சம்பளத்தில் இருந்தபோது வரைந்தது, எடு 10 கோடி டாலர். நீதிபதி இன்னும் ஒரு படி மேலே போய், பிராட்ஸ் என்ற பெயரையே மேட்டலிடம் ஒப்படைக்கவும், அநேகமாக எல்லா பிராட்ஸ் பெண் பொம்மைகளின் விற்பனையையும் நிறுத்தவும் உத்தரவிட்டார். ஒரு கம்பெனியின் உயிர்நாடியைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்த மாதிரி. எம்ஜிஏ மேல்முறையீட்டுக்குப் போனது. 2010 ஜூலையில் நீதிபதி அலெக்ஸ் கோஸின்ஸ்கி எழுதிய தீர்ப்பு இந்த உத்தரவுகளைத் தூக்கிப் போட்டது. ஆரம்பத்தில் ஒரு பெயரோ எண்ணமோ தப்பான வழியில் வந்திருந்தாலும், அதை நூறு கோடி டாலர் வியாபாரமாக வளர்த்தது எம்ஜிஏவின் உழைப்புத்தானே, அதை அப்படியே தூக்கிக் கொடுப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று கேட்டார்கள். மறுவிசாரணை நடந்தது, 2011 ஏப்ரலில் வேறொரு ஜூரி எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. பிராட்ஸ் மேட்டலுடையது அல்ல, அது மட்டுமில்லாமல் மேட்டல்தான் எம்ஜிஏவின் தொழில் ரகசியங்களைத் திருடியது!

கேள்வி: பார்பி கம்பெனியா திருடியது? நம்பும்படி இல்லையே?

பதில்: பொம்மைக் கம்பெனிகள் அடுத்த வருஷச் சரக்கைக் கண்காட்சியில் கடைக்காரர்களுக்கு மட்டும், மூடிய அறையில் காட்டும். மேட்டல் ஆட்கள் போலி விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு கடைக்காரர் வேஷத்தில் அந்த அறைகளுக்குள் போய் வந்தார்கள். வாதி வேஷத்தில் போனவர் பிரதிவாதியாக வெளியே வந்த கேஸ் இது.

கேள்வி: பெரிய தலை, பெரிய கண், நாகரிக உடை. இதையே இன்னொரு கம்பெனி செய்தால் அது காப்பி இல்லையா? எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பெரிய விவாதம்.

பதில்: உங்கள் வீட்டு விவாதத்தில் 'காப்பி இல்லை' என்றவர் பக்கம்தான் நான். காப்பிரைட் சட்டம் எண்ணத்தைக் காப்பதில்லை, அந்த எண்ணத்தை ஒருவர் வெளிப்படுத்திய குறிப்பிட்ட உருவத்தைத்தான் காக்கும். இதைப் படிக்கும்போது எல்லோரும் தலையாட்டுவோம், தனக்கு ஒரு நஷ்டம் வரும்போது மட்டும் 'அது என் ஐடியா' என்று குதிப்போம். அடாவடிப் பார்வையும் புது நாகரிக உடையும் உள்ள இளம்பெண் பொம்மை என்பது ஒரு எண்ணம். அதற்கு யாரும் வேலி போட முடியாது என்றுதான் 2010 தீர்ப்பு சொல்கிறது.

ஆனால் அதே தீர்ப்பில் ஒரு நுணுக்கம் உண்டு, எனக்கு வழக்கிலேயே மிகவும் பிடித்தது அதுதான். பிரயன்ட்டின் ஓவியத்துக்கும், அதை வைத்துச் செய்த மொட்டை உடம்புச் சிற்பத்துக்கும் வேறு வேறு அளவுகோல். உடை, செருப்பு, முடி, ஒப்பனை, முகபாவம் என்று ஓவியத்தில் ஆயிரம் விதமாக மாற்றிப் போட முடியும். அதனால் அதற்குப் பாதுகாப்பு அகலம், 'கணிசமாக ஒத்திருக்கிறது' என்று காட்டினால் போதும். உடை இல்லாத சிற்பத்திலோ, பெரிய தலையும் சின்ன உடம்பும் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் அப்புறம் மாற்ற என்ன இருக்கிறது? ஆகவே அதற்குப் பாதுகாப்பு மெல்லிசு, கிட்டத்தட்ட அச்சு அசலாக இருந்தால்தான் குற்றம். எங்கே மாற்றி யோசிக்க இடம் அதிகமோ அங்கே காப்பி அடித்தவனுக்குச் சாக்கு குறைவு.

இதற்கு ஒரு கிளைக்கதை. பிராட்ஸ் பிறப்பதற்கு முன்பே, 1999-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு செருப்புக் கம்பெனியின் விளம்பரம் வந்தது. பெண் மாடல்களின் தலையையும் கண்ணையும் கம்ப்யூட்டரில் ஊதிப் பெரிதாக்கி, உடம்பை ஒல்லியாக்கியிருந்தார்கள். பிரயன்ட் அதைப் பார்த்து உந்துதல் பெற்றவர்தான். அந்தப் படங்களை எடுத்த புகைப்படக்காரர், நியாயமாகப் பார்த்தால் பிராட்ஸ் என்னுடையது என்று நியூயார்க்கில் வழக்குப் போட்டார். 2011-ல் தோற்றார். தலையைப் பெரிசாக்குவது என்ற எண்ணம் உமக்கும் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: நானும் ஒரு கம்பெனியில் டிசைனராக இருக்கிறேன். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எனக்காக வரைவதெல்லாம் கம்பெனிக்குப் போய்விடுமா? பயமாக இருக்கிறது சார்.

பதில்: பயப்படுவதற்கு முன்னால் வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் தேடி எடுங்கள். படிக்காமல்தான் போட்டிருப்பீர்கள், நானும் அப்படித்தான்.

இந்த வழக்கின் முடிச்சே இரண்டு சொற்களில் இருந்தது. 'வேலையில் இருக்கும் காலத்தில் எப்போது உருவாக்கினாலும் என் கண்டுபிடிப்புகள் கம்பெனிக்கே' என்ற பொருளில் பிரயன்ட் எழுதிக் கொடுத்திருந்தார். கண்டுபிடிப்பு என்றால் என்னென்ன என்று ஒரு பட்டியலும் இருந்தது. அதில் வடிவமைப்பு, செய்முறை, தகவல், கம்ப்யூட்டர் நிரல் எல்லாம் உண்டு, 'எண்ணம்' என்ற சொல் மட்டும் இல்லை. மேட்டலே வேறு சில ஊழியர்களிடம் வாங்கிய ஒப்பந்தத்தில் 'எண்ணங்கள்' என்று தெளிவாகப் போட்டிருந்தது. அவர்களுக்குப் போட்டதை இவருக்கு ஏன் போடவில்லை? பிராட்ஸ் என்ற பெயரும் பொம்மைகளைப் பற்றிய யோசனையும் யாருக்கு என்பது அந்த ஒரு சொல்லில் தொங்கியது. இரண்டாவது சிக்கல் 'எப்போது' என்பதில். ஆபீஸ் நேரத்திலா, இல்லை ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்தா? இரண்டு விதமாகவும் படிக்கலாம், அதை நீதிபதி தானாக முடிவு செய்திருக்கக் கூடாது, ஜூரியிடம் விட்டிருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டில் சொன்னார்கள்.

பிரயன்ட் இன்னொன்றும் சொன்னார். அவர் மேட்டலில் இரண்டு தடவை வேலை பார்த்தவர், நடுவில் 1998-ல் சில மாதம் மிசௌரி மாநிலத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தார். அங்கே கிக்கபூ என்ற உயர்நிலைப் பள்ளி விட்டு வெளியே வந்த பிள்ளைகளைப் பார்த்தபோதுதான் இந்தப் பொம்மைகள் மனசில் தோன்றின, அப்போது நான் யாருக்கும் ஊழியன் இல்லை என்றார். 2008 ஜூரி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, 2011-ல் பிராட்ஸ் மேட்டலுடையது அல்ல என்று வேறு ஜூரி சொன்னது. ஆள் ஒன்று, கதை ஒன்று, முடிவு இரண்டு.

கலிஃபோர்னியாவில் தொழிலாளர் சட்டமே, முழுக்கத் தன் நேரத்தில் கம்பெனிப் பொருள் எதையும் தொடாமல் உருவாக்கியதை முதலாளி எழுதி வாங்க முடியாது என்கிறது. சந்தோஷப்படாதீர்கள், அது கம்பெனியின் தொழிலோடு சம்பந்தப்பட்டதாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. பொம்மைக் கம்பெனி ஆள் பொம்மை வரைந்தால் என்ன சம்பந்தம் இல்லாமல் போகும்? உங்கள் ஊரின் சட்டம் வேறாக இருக்கும், ஒரு வக்கீலிடம் காகிதத்தைக் காட்டுங்கள். அதுவரை ராத்திரி வரைவதில் தேதி போட்டு வையுங்கள், முக்கியமாக ஆபீஸ் தொட்டியிலிருந்து தலை எடுத்து வராதீர்கள்.

கேள்வி: பார்பியே ஒரு காப்பி என்கிறார்களே, உண்மையா?

பதில்: தாய் தகப்பன் தெரியாத பிள்ளை இல்லை பார்பி. ஜெர்மனியில் பில்ட் பத்திரிகையின் கார்ட்டூனில் வந்த லில்லி என்ற பெண்ணை 1955 முதல் பொம்மையாக விற்றார்கள், அதுவும் குழந்தைகளுக்கு என்பதைவிடப் பெரியவர்களுக்கு. 1956-ல் சுவிட்சர்லாந்து போன மேட்டலின் ரூத் ஹேண்ட்லர் கடையில் லில்லியைப் பார்த்து வாங்கி வந்தார். பெரியவள் மாதிரி உடம்பு, மாற்றி மாற்றிப் போட உடைகள்: தன் மகள் பார்பரா காகிதப் பொம்மைகளோடு விளையாடியபோது அவர் யோசித்ததும் இதைத்தான். 1959 மார்ச் 9-ல் நியூயார்க் கண்காட்சியில் பார்பி வந்தாள், மகள் பெயரிலேயே. 1961-ல் லில்லியின் உரிமையை அமெரிக்காவுக்காக வாங்கியிருந்த மார்க்ஸ் கம்பெனி, இடுப்பு மூட்டு அமைப்பு எங்களுடையது என்று மேட்டல் மேல் வழக்குப் போட்டது. அது 1963-ல் முடிந்தது, 1964-ல் மேட்டல் லில்லியின் உரிமைகளையே விலைக்கு வாங்கிவிட்டது. நாற்பது வருஷம் கழித்துக் 'காப்பி' என்று கத்தியவர்கள் இவர்கள்தான் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் பார்பி முகத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. கோல்ட்பெர்கர் என்ற கம்பெனி செய்த நடனக்காரிப் பொம்மை மேல் மேட்டல் போட்ட வழக்கில், 2004-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: நிமிர்ந்த மூக்கு, வில் போன்ற உதடு, அகன்று விலகிய கண் எல்லாப் பொம்மைக்கும் பொது, ஆனால் பார்பியின் குறிப்பிட்ட மூக்கும் குறிப்பிட்ட உதடும் மேட்டலுடையவை. எண்ணம் வேறு, உருவம் வேறு என்று முன்னால் சொன்ன அதே விஷயம், மறுபக்கத்திலிருந்து.

கேள்வி: இரண்டில் எந்தப் பொம்மை அழகு?

பதில்: பிராட்ஸ் செருப்பைக் கழற்றினால் பாதமும் சேர்ந்து கையோடு வந்துவிடும். அதைப் பார்த்து அலறிய குழந்தையும் உண்டு, விழுந்து விழுந்து சிரித்த குழந்தையும் உண்டு. நான் சிரித்த கட்சி.

கேள்வி: கடைசியில் யாருக்கு எவ்வளவு கிடைத்தது?

பதில்: 2011-ல் ஜூரி எம்ஜிஏவுக்குச் சொன்னது 8.85 கோடி டாலர். நீதிபதி அதை 8.5 கோடியாகக் குறைத்து, மேட்டல் வேண்டுமென்றே செய்ததற்குத் தண்டனையாக இன்னொரு 8.5 கோடி சேர்த்து, வக்கீல் ஃபீஸும் செலவுமாகச் சுமார் 13.7 கோடியையும் போட்டார். மொத்தம் 31 கோடிக்குப் பக்கம். 2013-ல் மேல்முறையீட்டில், தொழில் ரகசியக் குற்றச்சாட்டை இந்த வழக்கோடு சேர்த்திருக்கவே கூடாது என்று அந்தப் பகுதியை அடித்துவிட்டார்கள். எம்ஜிஏ அதைத் தனி வழக்காக மாநில நீதிமன்றத்தில் போட்டு 100 கோடி டாலர் கேட்டது, காலக்கெடு தாண்டிவிட்டது என்று தள்ளுபடியானது. மிஞ்சியது வக்கீல் ஃபீஸ் 13.7 கோடி மட்டும்.

கேள்வி: இதற்கப்புறமாவது இரண்டு கம்பெனிக்கும் புத்தி வந்ததா?

பதில்: கோஸின்ஸ்கியின் தீர்ப்பு வந்த அதே 2010-ல் மேட்டல் 'மான்ஸ்டர் ஹை' என்று பேய்வீட்டுப் பெண்களை இறக்கியது: பெரிய தலை, பெரிய கண், சின்ன உடம்பு. 2012-ல் எம்ஜிஏ சூனியக்காரப் பெண்களாக 'பிராட்ஸில்லாஸ்' கொண்டுவந்தது.