தினமும் ஆபீஸ் போகும்போது பவுண்டேஷன் போடுகிறேன். மதியத்துக்குள் மூக்கோரம் பிரிந்து, கன்னத்தில் திட்டுத் திட்டாகி, முகமே சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது. பிராண்டை மாற்றியும் பலனில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

தப்பு பெரும்பாலும் பவுண்டேஷனில் இருக்காது. அதற்கு அடியில் என்ன பூசினீர்கள், எவ்வளவு நேரம் விட்டீர்கள் என்பதில்தான் இருக்கும். நானும் உங்களைப் போலத்தான் இரண்டு வருடம் பாட்டில் பாட்டிலாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

என் காலை அப்போது எப்படி இருந்தது தெரியுமா? முகம் கழுவி, மாய்ஸ்சரைசர், அதன் மேலேயே சன்ஸ்கிரீன், அதன் மேலேயே பிரைமர் (பவுண்டேஷனுக்கு அடியில் தோலைச் சமன்படுத்தப் போடும் கிரீம்), உடனே பவுண்டேஷன். எல்லாம் சேர்த்து நான்கே நிமிடம். ஒருநாள் கன்னத்தில் தேய்க்கத் தேய்க்க, அழிரப்பரால் தாளைத் தேய்த்தால் வருமே, அதே மாதிரி சின்னச் சின்னத் துகளாக உருண்டு வந்தது. தோல்தான் உரிகிறதோ என்று பயந்துவிட்டேன். உரிந்தது தோல் இல்லை, காயாமல் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்த கிரீம்கள்.

அதனால் முதல் மாற்றம், காத்திருப்பது. முகத்தை மென்மையான கிளென்சரால் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். லேசாக ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். எண்ணெய் வழிகிற முகம் என்று இதைத் தவிர்க்காதீர்கள், ஜெல் வகையாக மாற்றிக்கொண்டால் போதும். எண்ணெய்ப் பசை வேறு, நீர்ச்சத்துக் குறைவு வேறு. நெற்றி மினுமினுக்கும்போதே கன்னம் வறண்டு பவுண்டேஷன் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும் முகங்கள் நிறைய உண்டு. என்னுடையதும் அந்த ரகம்தான். மாய்ஸ்சரைசருக்கு ஐந்து நிமிடம், அதன் மேல் சன்ஸ்கிரீனுக்குப் பத்து நிமிடமாவது விடுங்கள். அந்த நேரத்தில் தலை வாரலாம், பையை எடுத்து வைக்கலாம்.

சன்ஸ்கிரீனைப் பற்றி ஒரு வார்த்தை. பவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாக்கும் என்று காட்டும் எண்) இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அந்த எண்ணைச் சோதிக்கும்போது தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அளக்கிறார்கள். அந்தக் கணக்கில் பவுண்டேஷன் போட்டால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் சன்ஸ்கிரீனைப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

பிரைமர் தினசரிக்குக் கட்டாயமில்லை என்பது என் கட்சி. போடுவதென்றால் மூக்கோரம், மூக்கை ஒட்டிய கன்னம் என்று துளைகள் தெரியும் இடத்தில் மட்டும் போடுங்கள். அதற்கு முன் பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள். முதல் வரிகளில் டைமெத்திகோன் மாதிரி 'கோன்' என்றோ 'சிலாக்சேன்' என்றோ முடியும் பெயர்கள் இருந்தால் அது சிலிக்கோன் வகை. அதன் மேல் தண்ணீர்ப் பதமான பவுண்டேஷன் சில சமயம் வழுக்கிப் பிரியும். எல்லா ஜோடியும் அப்படிச் சண்டை போடாது. ஒரு விடுமுறை நாளில் பாதி முகத்துக்கு பிரைமரோடும் மறு பாதிக்கு இல்லாமலும் போட்டு, மாலை வரை விட்டுப் பாருங்கள். விடை தெரிந்துவிடும்.

அப்புறம் அந்தச் சாம்பல் நிறம். இது ஷேடு பிரச்சினை. ஒன்று, உங்கள் நிறத்தைவிட வெளிரிய ஷேடை எடுத்திருப்பீர்கள். நம்மில் பலரும் ஒரு படி வெளுப்பாக எடுப்பதைப் பழக்கமாகவே வைத்திருக்கிறோம், கடையில் இருப்பவர்களும் அதைத்தான் நீட்டுவார்கள். இல்லையென்றால் அண்டர்டோன், அதாவது தோல் நிறத்துக்கு அடியில் தெரியும் சாயல், மாறியிருக்கும். மஞ்சள் சாயல் உள்ள தோலில் ரோஜா சாயல் உள்ள பவுண்டேஷன் உயிரில்லாமல் தெரியும். மணிக்கட்டில் தடவிப் பார்ப்பது வீண், அது முகத்தின் நிறம் இல்லை. தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கும் இடத்தில் மூன்று ஷேடுகளைக் கோடாக இழுத்து, வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. ஆனால் உடனே வாங்காமல் அரை மணி நேரம் விடுங்கள். சில பவுண்டேஷன்கள் தோலின் எண்ணெயோடு கலந்து ஒரு படி கறுக்கும்.

போடும் முறை சுலபம், அளவில்தான் எல்லாரும் சறுக்குகிறோம். பட்டாணி அளவை விடக் குறைவாகப் புறங்கையில் எடுங்கள். முகம் முழுக்கப் புள்ளி வைக்க வேண்டாம். மூக்கைச் சுற்றி, வாயோரம், நெற்றி நடுவில் தொடங்கி வெளியே கொண்டுபோங்கள். நிறம் மாறித் தெரிவது பெரும்பாலும் முகத்தின் நடுவில்தான். காதோரமும் தாடையோரமும் மிச்சத்திலேயே கரைந்துவிடும். ஸ்பான்ஜ் என்றால் தண்ணீரில் நனைத்து, சொட்டாதபடி துணியில் வைத்துப் பிழிந்துவிட்டு, தட்டித் தட்டி ஒற்றுங்கள். இழுத்துத் தேய்த்தால் கீழே இருக்கும் சன்ஸ்கிரீன் நகர்ந்துவிடும். அவசர நாளில் விரலே போதும், அதன் சூட்டிலேயே கிரீம் இளகிப் படியும். ஆனால் ஸ்பான்ஜை ஈரத்தோடு பைக்குள் மூடி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பரு வந்ததற்கு பவுண்டேஷனைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் பழைய ஸ்பான்ஜை நடுவில் வெட்டிப் பார்த்த அன்றுதான் அந்தத் திட்டு நின்றது.

கருமையையும் தழும்பையும் மறைக்கும் கன்சீலரை பவுண்டேஷனுக்குப் பிறகு போடுங்கள், பாதி இடத்துக்குத் தேவையே இருக்காது. கண்ணுக்குக் கீழே கருமை அதிகம் என்றால் மட்டும் கருமையைச் சமன்செய்யும் ஆரஞ்சு சாயல் கரெக்டரை மெல்லிசாக முதலில் தடவிக்கொள்ளுங்கள். அங்கேயும் வெறும் வெளிர் கன்சீலர் போட்டால் அதே சாம்பல்தான். பவுடர் நெற்றி, மூக்கு, தாடைக்கு மட்டும்.

மதியம் முகம் மினுங்கும்போது நேராக காம்பேக்டை எடுக்காதீர்கள், திட்டு விழுவது அங்கேதான். எண்ணெயின் மேல் பவுடர் விழுந்தால் பசையாகிவிடும். ஒரு டிஷ்யூவை இரண்டாகப் பிரித்து, மெல்லிய ஒரு அடுக்கை மட்டும் மூக்கின் மேல் வைத்து அழுத்தி எடுங்கள். மூக்கோரம் பிரிந்திருந்தால் சுத்தமான விரலால் இரண்டு தட்டு. பவுடர் அதற்குப் பிறகும் வேண்டுமென்று தோன்றினால் மட்டும்.